புகார் ஏட்டை அழிக்காதே!

2016 செப்டம்பரில், காவிரிச் சிக்கலையொட்டி, பெங்களூரில் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அதற்கு முன்பே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் தீ பற்றியிருந்தது. இன்றும் நம்மை இழித்தும் மிரட்டியும் பதிவுகள் வருகின்றன. நம்மவர்கள் புகார் செய்கிறார்கள். பதிவு மறைந்ததும் சாட்சியமும் மறைந்தால் என்ன செய்வது?

2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரவேண்டும். நல்லது. ஆனால் நீக்கிய பதிவையும் அதன் ஆவணங்களையும் 180 நாட்கள் காத்தால் போதுமாம்! நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அரசுத் துறையோ கேட்டால்தான் அதற்கு மேல். மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றத்தை நீதிமன்றம் ஏற்கச் சட்டம் தரும் கெடுவோ 3 ஆண்டு. வழக்குக்கு மூன்றாண்டு, சாட்சியத்துக்கு ஆறு மாதம்! யார் போட்ட கணக்கு இது?

வேலை தேடி ஊர் மாறும் குடும்பம், காவல் நிலையத்தில் மொழி தெரியாமல் தவிக்கும் குடும்பம், ஆறு மாதத்தில் வழக்குக்குத் தயாராகிவிடுமா? ரயில் நிலையப் புகார்ப் புத்தகத்தில்கூட பக்கத்துக்கு எண் உண்டு, நகல் உண்டு. ஒரு தாளைக் கிழித்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். கோடிகளில் புரளும் நிறுவனங்களுக்கு அந்த ஒழுங்கு கசக்கிறதா?

180 நாளை 3 ஆண்டாக்க வேண்டும். புகார் செய்தவர் பெயர் வெளியே போகலாகாது. மத்திய அரசை இதற்காக வற்புறுத்துகிறோம்.

அதுவரை, புகார் செய்யுமுன் பதிவைப் படம் எடுங்கள். முகவரி, தேதி, புகார் எண் மூன்றையும் நோட்டில் குறித்து, ஒரு நகலைச் சங்கத்தில் கொடுங்கள். மிரட்டலானால் cybercrime அலுவலகம் என்று அலையாமல் 1930க்குப் போன் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். அந்த எண் முக்கியமாகப் பண மோசடிக்கு. மிரட்டலுக்குக் காவல் நிலையத்துக்குப் போகலாம். துணைக்கு நாங்கள் வருகிறோம்.