மின்கம்பங்களில் பின்னிக் கிடக்கும் இணைய வடங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

அளவெட்டி உட்பட வலிகாமத்து ஒழுங்கைகளில், மின்கம்பிகளுக்குச் சாண் இடைவெளியும் விடாமல் இணைய வடங்களையும் கேபிள் ரிவி வடங்களையும் அதே கம்பத்தில் கட்டிச்செல்லும் வழக்கமும், எவரும் அதைத் தடுக்க முன்வராமையும் வன்மையான கண்டனத்துக்குரியவை.

ஒழுங்கைகளில் செல்லும் மின்வழியில் ஓர் உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையே 230 வோல்ற்றும், இரு உயிர்க்கம்பிகளுக்கிடையே 400 வோல்ற்றும் நிலவுகின்றன. சில வோல்ற்றுச் சமிக்ஞையைக் கடத்துவதற்கென அமைந்த செப்பு இணைய வடத்தின் மெல்லிய உறை, வெயிலில் வெடித்த நிலையில் அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. இப்பொழுது பரவிவரும் ஒளியிழை வடம், அதாவது கண்ணாடி இழையினூடே தகவலை ஒளியாகக் கடத்தும் வடம், மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தீங்கற்றது எனக் கூறப்படும் சமாதானம் பாதி உண்மையே. இழை கண்ணாடியாயினும், கம்பத்துக்குக் கம்பம் அதைத் தாங்கிச்செல்வது பெரும்பாலும் உருக்குக் கம்பியாகும். மாரிக்காற்றில் காவோலை விழுந்து அறுந்த மின்கம்பியோ, நாட்பட உராய்ந்து காவலுறை தேய்ந்த மின்கம்பியோ அந்த உருக்குக் கம்பியைத் தொடுமாயின், ஆபத்தென்று எவரும் ஐயுறாத ஒன்றின் வழியே வீட்டு முகப்புவரை மின் வந்துவிடுகிறது. அக்கம்பிக்குப் புவித்தொடுப்பு, அதாவது பழுது மின்னோட்டத்தை நிலத்துக்குக் கடத்தும் இணைப்பு, இல்லாதவிடத்து மின்னுருகி (பியூஸ்) எரிவதற்குப் போதிய மின்னோட்டம் பாய்வதில்லை. ஆகவே வழங்கல் தானாகத் துண்டிக்கப்படாமல், அடுத்து அதைத் தொடுபவருக்காக மின் அங்கேயே காத்திருக்கிறது. கம்பத்தில் ஏறும் தொழிலாளியே பெரும்பாலும் அவ்வாறு முதலில் தொடுபவர். அமெரிக்கத் தேசிய மின்பாதுகாப்பு விதிக்கோவை, கம்பத்தில் மின்வழிக்கும் தொடர்பாடல் வடங்களுக்கும் இடையே பொதுவாக 40 அங்குலம், ஏறக்குறைய 1 மீற்றர், வெற்றிடம் விடப்பணிப்பது அவரை எண்ணியே.

வீட்டுக்குள்ளும் கவனக்குறைவு தொடர்கிறது. மின்வயரையும் இணைய வயரையும் ஒரே குழாயில் இழுத்துச் சுவருக்குள் பூசிவிட்டால், பின்னர் ஒன்றின் பழுது மற்றொன்றில் ஏறுவதைக் கண்டறியவும் வழியில்லை. இரண்டையும் தனித்தனிக் குழாய்களில் இடைவெளி விட்டு இட்டு, குறுக்கிட நேருமிடத்துச் செங்கோணமாகக் கடக்கவிடுவதே முறை. அருகருகே நெடுந்தூரம் சமாந்தரமாக ஓடினால், மின்வயரின் மாறும் காந்தப்புலம் இணைய வயரில் வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டிச் சமிக்ஞையையும் குழப்பக்கூடும்.

போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மண்ணெண்ணெய் விளக்கோடு வாழ்ந்த கிராமங்கள் இவை. அவற்றுக்கு மின்சாரமும் இணையமும் வந்தது பெரும் பேறே. அவை பாதுகாப்பாக வரவேண்டும் என்று கோருவது அவ்வூர்களின் உரிமையாகும்.

மின்பாதுகாப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பிலும், இணைய வழங்குநர்களின் அனுமதிப்பத்திரங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பிலும் இருப்பதால், ஒரே கம்பத்தில் நிகழும் தவறு இரண்டுக்கும் நடுவே நழுவிவிடக் கூடாது. இரு ஆணைக்குழுக்களும் பிரதேச சபையும் கூட்டாகக் கம்பங்களைப் பரிசோதித்து, ஒவ்வொரு வடத்திலும் உரிமையாளரின் பெயர்ப்பட்டியைக் கட்டாயமாக்கி, உரிமை கோரப்படாத வடங்களையும் இடைவெளி பேணாத வடங்களையும் வரும் மாரிக்கு முன் அகற்றுவிக்க வேண்டும். அதற்கான செலவு வடத்தைக் கட்டிய நிறுவனத்தைச் சார வேண்டுமேயன்றி, மாதக் கட்டணம் செலுத்தும் வீட்டுக்காரரைச் சாரக் கூடாது.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
அளவெட்டி.