ஜெசூர் சாலை மரங்கள்: ஒன்றுக்கு ஐந்து போதுமா?

டம்டம் தாண்டி, பாராசாத், ஹாப்ரா, போங்காவ் வழியாகப் பெட்ராபோல் எல்லைக்குச் செல்லும் ஜெசூர் சாலையில் பயணம் செய்யும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். நம்மூரில் தூங்குமூஞ்சி மரம் என்கிறோமே, அந்த ஜாதி மரங்களே இங்கு அதிகம். இருபுறமும் கிளை கோத்துப் பந்தல் போட்டதுபோல் நிற்கின்றன. கங்கை நீராடச் செல்லும் தாய் வெயிலில் வாடக்கூடாதென்று காளி போத்தார் என்ற ஜமீன்தார் போட்ட சாலை இது என்பது ஊர்வழக்கு. 1971ல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்த வழியும் இதுவே.

இந்தச் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்கள் கட்ட 356 மரங்களை வெட்டலாம் என்று 2018ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு மரத்துக்கு ஐந்து கன்றுகள் நட வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2023 பிப்ரவரியில் அங்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

மேம்பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போங்காவ் லயனில் கேட் மூடிவிட்டால் ஆம்புலன்ஸும் அசையாது. காய்ந்த கிளை விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதும் உண்டு. ஆகவே பாலமா, மரமா என்ற வாதத்தில் பயனில்லை. வெட்டியதற்கு ஈடு சரியாகச் செய்யப்படுகிறதா என்பதே கேள்வி.

உச்சநீதிமன்றம் 2020ல் அமைத்த நிபுணர் குழு ஒரு கணக்குக் கொடுத்தது. ஒரு மரம் ஆண்டுக்கு 74,500 ரூபாய் மதிப்புள்ள நன்மை தருகிறது. அதில் பிராணவாயு மட்டும் 45,000 ரூபாய். நூறு ஆண்டு நின்ற மரத்துக்கு இதைப் பெருக்கினால் முக்கால் கோடி வருகிறது! சிறிய மரத்துக்கு 10, நடுத்தர மரத்துக்கு 25, விரிந்த கிளையுள்ள பெரிய மரத்துக்கு 50 கன்றுகள் என்று நட வேண்டும் என்பதும் அக்குழுவின் யோசனை. அப்படியிருக்க, 356 மரங்களுக்கு 1,780 கன்றுகள் எந்த மூலைக்கு?

அந்த 1,780 கன்றுகளாவது பிழைக்க வேண்டும். நட்ட அன்று மந்திரி வருவார், போட்டோ எடுப்பார்கள். அடுத்த சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. வேலியின் மூங்கிலை எவரோ உருவிப் போவார். மிச்சத்தை ஆடு மேயும். காகிதத்தில் மட்டும் மரம் நிற்கும்!

செய்ய வேண்டியது இதுதான். கன்றுகளை வேறெங்கோ காட்டிலாகா நிலத்தில் நடாமல், இதே சாலையோரத்தில், நாளை சாலை அகலமானாலும் தொடாத தூரத்தில் நட வேண்டும். ஒரே ஜாதியை நடாமல் ஆல், அரசு, வேம்பு, நாவல் என்று கலந்து நட வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் போட்டு, மூன்று ஆண்டுகள் காப்பாற்றும் பொறுப்பைக் கூலி கொடுத்துப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மீதமுள்ள மரங்களின் பட்டுப்போன கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிட்டால் விபத்தும் குறையும், மரமும் தப்பும்.

சாலை அகலமாக்கப்பட்டபோது நம் ஊர்ப்பக்கத்துப் புளியமரங்கள் போன வழி நமக்குத் தெரியும். அந்த நிழல் இன்னும் திரும்பவில்லை. பிழைப்புக்கு வந்த ஊரிலாவது இதைக் கேட்டுவைப்பது நம் கடமை. இந்த நிழலில் நாமும் நடக்கிறோம் அல்லவா?