உங்க பில்டிங் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? கணக்கு போடுவது இப்படித்தான்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டலாமா என்ற பேச்சு வந்தாலே, முதலில் எழும் கேள்வி இதுதான்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம். அதனால், இன்ஜினியர் சொல்லும் 'மிச்ச ஆயுள்' பலரது வீட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

வயசை வைத்தே சொல்லிவிட முடியாதா?

முடியாது. போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் சரிந்து, 61 பேரின் உயிரைப் பறித்த 11 மாடிக் கட்டடம், அப்போது கட்டி முடிக்கப்படவே இல்லை.

அப்போ எப்படி கணிக்கிறாங்க?

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கும். அது கம்பியைத் தொட்டால், துருப்பிடிக்காமல் காக்கும் தன்மை போய்விடும். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், பாதிக்கப்படாத பகுதி இளஞ்சிவப்பாக மாறும். பாதித்த பகுதி நிறம் மாறாது. அந்த ஆழத்தை அளப்பார்கள்.

இந்த ஆழம் இரண்டு மடங்காக, சுமார் நான்கு மடங்கு காலம் ஆகும்.

உதாரணமாக, 25 வருஷ கட்டடத்தில் 15 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி 25 மி.மீ. உள்ளே இருந்தால், அதைத் தொட இன்னும் சுமார் 44 வருஷம். அதே கட்டடத்தின் வேறொரு தூணில் கம்பி 18 மி.மீ. உள்ளே இருந்தால்? வெறும் 11 வருஷம்தான்!

துரு தொடங்கினால் உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் தண்ணீர்க் கசிவும் உப்பும் சேர்ந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

சராசரியை நம்பலாமா?

இங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கிறது. பல இடங்களில் அளந்து, எத்தனை வருஷத்தில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். கான்கிரீட்டைத் துளைத்தெடுத்துச் செய்யும் 'கோர் டெஸ்ட்'டுக்கு ஐ.எஸ். 456 விதியும் இரட்டை நிபந்தனை வைக்கிறது: குறைந்தது 3 மாதிரிகள் வேண்டும், அவற்றின் சராசரி, நிர்ணயித்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது என்ன?

'இன்னும் 20 வருஷம்' என்று ஒற்றை வரியில் சொன்னால் நம்பிவிட வேண்டாம். எத்தனை இடத்தில் சோதித்தார்கள், மிக மோசமான அளவு எவ்வளவு, அது எந்தத் தூண் - இந்த மூன்றையும் கேளுங்கள். கையெழுத்து போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.