அறுபதுக்கு மேல் கை நிலைக்குமா?

குமாரலிங்கபுரத்திலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் சீமை. மழையை எதிர்பார்த்து மனிதர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். வயது அறுபத்து மூன்று.

பேத்தி மதுரையில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகுகிறாள். துணைக்குப் போன பாட்டிக்கு ஆசை வந்துவிட்டது. பயிற்சியாளரின் அனுமதியோடு கைத்துப்பாக்கியை வாங்கி இரண்டு குண்டு சுட்டார்களாம். இரண்டும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மூன்றாவதிலிருந்து கை ஆட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். வீட்டில் மகன், "இந்த வயதில் உனக்கு எதற்கம்மா இது?" என்று கேட்டுவிட்டார். இதோடு நிற்கவில்லை. தன் தாயாருக்கும் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது நினைவுக்கு வந்து, விருந்தாளிகள் வந்தால் காப்பித் தட்டை எடுத்துப் போவதையே இப்போது நிறுத்திவிட்டார்களாம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? உண்மையைச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்கள்.

அம்மா, உண்மையையே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது வியாதியா என்பது ஒன்று. பழகினால் கை நிலைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

நடுங்காத கை உலகத்தில் கிடையாது. இருபது வயதுப் பயில்வானின் கையும் நீட்டிப் பிடித்தால் நொடிக்குப் பத்துத் தடவை போல மெல்ல அதிரத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். களைப்பு, தூக்கமின்மை, பசி, பயம், அடுத்தடுத்துக் குடிக்கும் காப்பி இவையெல்லாம் அந்த அதிர்வைப் பெரிதாக்கும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதும் பெரிதாக்கும். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இந்தப் பட்டியலில் உண்டு. காப்பித் தட்டு ஆடியதில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குடும்ப வழியாக வரும் நடுக்கம் ஒன்று உண்டு. தம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் தெரியும். கை சும்மா இருந்தால் அடங்கிவிடும். தொல்லைதானே தவிர, உயிருக்கு ஆபத்து இல்லை. இதற்கு மாறாக, கை மடியில் சும்மா கிடக்கும்போதே நடுங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் நடுங்கினாலோ, நடை தளர்ந்தாலோ, எழுத்து வரவரப் பொடியாகிக்கொண்டு போனாலோ நரம்பு வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. திடீரென்று கை சோர்ந்து பேச்சும் குழறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆகையால் பயிற்சிக்கு முன்னால் ஒரு முறை டாக்டரிடம் போய் வாருங்கள். தாயாருக்கு இருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் இன்னொரு பாட்டியம்மாள் நினைவுக்கு வந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே சந்திரோ தோமர் என்ற அம்மாள் 1999-ஆம் ஆண்டில் பேத்தியைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். அப்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. மாடு கறந்து, வயலில் உழைத்து, முக்காட்டுக்குள் வாழ்ந்தவர். பேத்தி தடுமாறியபோது துப்பாக்கியைத் தாம் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். குண்டு குறியில் போய் விழுந்தது. பயிற்சியாளர் பாரூக் பட்டான் அசந்து போனாராம்.

ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது. வீட்டு ஆண்கள் அறியாமல்தான் முதலில் பழகவேண்டியிருந்தது. தண்ணீர் நிறைந்த ஜக்கை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்று தோளைப் பழக்கினார். அவருடைய ஓர்ப்படி பிரகாஷி தோமரும் கூடச் சேர்ந்துகொண்டார். இருவரும் முதியோர் பிரிவுப் போட்டிகளில் ஏராளமான பதக்கங்களை வாங்கிக் குவித்தார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-இல் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இந்த இரண்டு பாட்டிகளின் கதை 2019-இல் ஹிந்திப் படமாகவும் வந்தது. நம் 'ஆடுகளம்' படத்தில் நடித்த டாப்ஸிதான் பிரகாஷியாக நடித்தார். சந்திரோ அம்மாள் 2021 ஏப்ரல் 30-ஆம் தேதி கொரோனாவில் காலமானார்.

இது ஒரே ஒரு அதிசயம் என்று நினைக்கவேண்டாம். ஜார்ஜியா நாட்டு நினோ சலுக்வாட்சே 1988-இல் பத்தொன்பது வயதில் கைத்துப்பாக்கியில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2024-இல் பாரிஸுக்குத் தம் பத்தாவது ஒலிம்பிக்குக்காக வந்தபோது வயது 55. அதே பாரிஸில், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சாவதானமாகச் சுட்டு வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சுக்கு 51. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஸ்வான் 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் துப்பாக்கி சுடுவதில் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது வயது 72. ஹங்கேரியின் கரோலி டகாச் கதை இன்னும் வேடிக்கை. 1938-இல் வெடிகுண்டில் வலது கை சிதைந்து போயிற்று. இடது கையால் முதலிலிருந்து பழகி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். தோள் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்க முடியாதவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஓட்டப் பந்தயத்தில் நடக்காதது இங்கே எப்படி நடக்கிறது? காரணம் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் குறி 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கியின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ; ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரே கையால்தான் பிடிக்கவேண்டும். இதில் கை துளிகூட ஆடாமல் நிற்பது யாராலும் ஆகாது. உலக வீரர்களின் கையும் ஆடத்தான் செய்கிறது. ஆட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டு, அது இருக்கும்போதே விசையை அலுங்காமல் அழுத்தத் தெரிந்தவர்களே ஜெயிக்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நீங்கள் ஆசிரியை, இது பிடிக்கும். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். கை முழுவதும் சமமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அட்டையிலும் குண்டு 1 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால், விசையை வெடுக்கென்று இழுத்து, பின்குறியின் நடுவிலிருந்து முன்குறி 1 மில்லிமீட்டர் விலகிவிட்டால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு 30 மில்லிமீட்டர் விலகிப் போகும். பத்து மார்க்கு ஏழாகிவிடும்! பார்த்தீர்களா? உங்களைக் கெடுத்தது தோளின் ஆட்டம் அல்ல. 'ஐயோ ஆடுகிறதே, நடுவில் வரும்போது சட்டென்று சுட்டுவிடுவோம்' என்ற அவசரம். பழைய துப்பறியும் கதைகளில் 'குதிரையைத் தட்டினான்' என்று எழுதுவார்களே, அந்தத் தட்டுதல் இங்கே உதவாது. சிறுகச் சிறுக அழுத்தவேண்டும். பொறுமையில் பையன்களைவிட நீங்கள் பணக்காரர்.

சரி, நிற்பது எப்படி? கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, எடை இரண்டிலும் சமமாக இருக்கும்படி நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். துப்பாக்கி குறிக்கு ஒரு பக்கமாக இருந்தால் கையை இழுத்துச் சரி செய்யாதீர்கள். பின்கால் பாதத்தைச் சற்று நகர்த்துங்கள். கையை வலிந்து இழுத்தால் அந்தத் தசை நடுங்கத்தான் நடுங்கும். மணிக்கட்டு விறைப்பாக இருக்கட்டும். மற்றொரு கையை இடுப்பிலோ பையிலோ அடக்கி வையுங்கள்.

மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்கி, பாதி விட்டு, நிறுத்தி, ஐந்தாறு விநாடிக்குள் சுடவேண்டும். பத்து விநாடி ஆகிவிட்டால் கண்ணும் களைக்கும், தசையும் களைக்கும். அப்போது சுடவே சுடாதீர்கள். கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குங்கள். போட்டியில் 60 குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுக்கிறார்கள், அவசரமே இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நெடுநேரம் அடக்கவே கூடாது.

அடுத்தது கண். பார்வையை அட்டையில் வைக்கக் கூடாது, முன்குறியில் வைக்கவேண்டும். அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும். நாற்பதுக்கு மேல் அந்தத் தூரத்தில் முன்குறி தெளிவாகத் தெரிவதில்லை. இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் தலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கையை நீட்டிப் பிடிக்கும்போது கண்ணுக்கும் முன்குறிக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று நாடாவால் அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தரும்படி கண் டாக்டரைக் கேளுங்கள். கை ஆடுகிறது என்று நினைத்தவர்களில் சிலருக்கு உண்மையில் கண்தான் தடுமாறுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. ஒரு சிறு பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். தோள் உயரத்துக்குக் கையை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். இறக்கி ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி ஐந்து தடவை. வாரத்தில் நாலு நாள். வலிக்காமல் முடிகிறது என்றால் மாதம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டுங்கள். தோளில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிடுங்கள். சுவரை ஒட்டி நின்று, தேவையானால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்கவும் பழகுங்கள். கால் நிலைக்காமல் கை நிலைக்காது. கிழத்தசை இனி வளராது என்பது தவறு. 1990-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எடை தூக்கிப் பழகச் செய்தார்கள். எட்டே வாரத்தில் கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. ஐம்பதிலும் வளையும், தொண்ணூறிலும் வளையும்!

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் டாக்டர்கள் தரும் ப்ராப்ரனலால் போன்ற மாத்திரைகள் கையை நிலைப்படுத்தும். அதனாலேயே துப்பாக்கிப் போட்டிகளில் அவற்றுக்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் ஒருவர் இதே மருந்துக்காக இரண்டு பதக்கங்களை இழந்தார். குறிக்காக இதைத் தேடிப் போகாதீர்கள். ஏற்கெனவே டாக்டர் கொடுத்திருந்தால், போட்டிக்காக நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். பழகுவதற்குத் தடை ஒன்றுமில்லை. போட்டி என்று வந்தால் சங்கத்தாரிடம் முன்னதாகவே சொல்லி அனுமதி கேட்கவேண்டும்.

துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அல்ல என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி நிலையத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும் தொடுங்கள். குழல் எப்போதும் குறியை நோக்கியே இருக்கட்டும்; சுடும் நேரம் தவிர விரல் விசையில் படக் கூடாது. கண் காப்புக் கண்ணாடி அவசியம். குண்டு ஈயத்தால் ஆனது; சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பயிற்சி நாளில் காலைக் காப்பி ஒரு தம்ளரோடு நிற்கட்டும். வெறும் வயிற்றோடும் போகவேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயதில் எதற்கு?" என்பதை நீங்கள் அன்போடுதான் கேட்கிறீர்கள். கேட்டவருக்கு அது, 'உன் காலம் முடிந்துவிட்டது' என்று விழுகிறது. அதற்குப் பதிலாக, "இன்றைக்கு எத்தனை பத்து?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வரும்போது இரண்டு சொட்டுக் காப்பி சிந்தினால் சிந்தட்டுமே. துடைக்க ஒரு துணி போதாதா?

அம்மா, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு தடவையும் முதல் பத்துக் குண்டுகளின் மார்க்கை மட்டும் எழுதி வாருங்கள். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும்; அதைப் பொருட்படுத்தவேண்டாம். மூன்று மாதத்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.