அட்டவணையை 'லைவ்'னு விக்காதீங்கய்யா!

பொட்டி தட்டுற நம்ம மக்கள் வீக்கெண்ட்ல சும்மா இருக்க மாட்டாங்க. பஸ் எப்ப வரும்னு சொல்ற குட்டி வலைச்செயலி ஒண்ணு செஞ்சுடுவாங்க. நல்ல விஷயம்தான். அடியேனும் செஞ்சிருக்கேன். ஆனா நான் பார்த்த இந்த மாதிரி செயலிகள்ல பலது கூசாம ஒரு பொய் சொல்லுது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், கோச்சுக்காதீங்க.

சிங்கப்பூரையே எடுத்துக்குவோம். இங்க நிலப் போக்குவரத்து ஆணையம் 'டேட்டாமால்'ங்கிற தளத்துல பஸ் வருகைத் தகவலை இலவசமா கொடுக்குது. பதிவு பண்ணினா ஒரு சாவி கிடைக்கும். அஞ்சு இலக்க நிறுத்த எண்ணைக் கொடுத்துக் கேட்டா, ஒவ்வொரு தடத்துக்கும் அடுத்த மூணு பஸ்ஸோட நேரம், உட்கார இடம் இருக்கா, சக்கர நாற்காலி ஏறுமா, ஒத்தை மாடியா ரெட்டை மாடியான்னு எல்லாம் ஜேசன்ல வந்து விழும். சாவியை பிரவுசர்ல வச்சா ஊருக்கே தெரிஞ்சிடும். அதனால நடுவுல ஒரு குட்டி சர்வர். அது தகவலை வாங்கி, சில விநாடி கேஷ் பண்ணி, நேரத்தைக் கழிச்சு நிமிஷமாக்கித் தரும். அவ்ளோதான், ஒரு சனிக்கிழமை வேலை.

அந்த ஜேசன்ல 'மானிட்டர்ட்'னு ஒரு புலம் இருக்கு மக்களே. 1ன்னா, பஸ் இப்ப எங்க இருக்குன்னு பார்த்துக் கணிச்ச நேரம். 0ன்னா, வெறும் கால அட்டவணை. முதலாவது 'வந்துட்டிருக்கு', ரெண்டாவது 'வரணும்'. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஒரு மனுஷன் நடு ராத்திரியில கடைசி பஸ்ஸுக்கு நிக்கிறான். ஆனா நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒரே பச்சை கலர்ல, ஒரே எழுத்துல '4 நிமிஷம்'னு போட்டுடுறாங்க. கேட்டா 'யூஐ சுத்தமா இருக்கணும் பாஸ்'ங்கிறாங்க. சுத்தமாத்தான் இருக்கு, உண்மைதான் காணோம்!

இது சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க சிகாகோ கதையைக் கேளுங்க. 2022ல அங்க ஆள் பற்றாக்குறையால பல டிரிப் ஓடவேயில்லை. ஆனா செல்போன்ல அதெல்லாம் வந்துட்டே இருந்துச்சு. நிமிஷம் குறையும், பூஜ்யமாகும், அப்புறம் காணாமப் போயிடும். ரோட்டுல ஒண்ணும் வராது. சனங்க அதுக்கு வச்ச பேரு பேய் பஸ். கடைசியில அந்த ஊர் போக்குவரத்துக் கழகமே 2022 ஆகஸ்ட்ல ஒரு சீரமைப்புத் திட்டம் போட்டு, அதுல இந்தத் தகவலைச் சரி பண்றதையும் ஒரு வேலையாச் சேர்த்துச்சு. இத்தனைக்கும் அவங்க ரயில் ஏபிஐயில 'இது அட்டவணை நேரம், நேரலை இல்லை'ன்னு சொல்ல தனியா ஒரு புலமே இருக்கு.

உலகம் பூரா புழங்குற ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் வடிவத்துலயும் 'தகவல் இல்லை'ன்னு சொல்றதுக்குன்னே ஒரு மதிப்பு வச்சிருக்காங்க. தகவல் கொடுக்கிறவன் நேர்மையாத்தான் கொடுக்கிறான். வாங்கிக் காட்டுற நாமதான் நடுவுல முழுங்குறோம்.

"இதெல்லாம் காட்டினா சாதாரண சனங்க குழம்பிடுவாங்க"ன்னு ஒரு வாதம் வரும். அட போங்கப்பா! ரயில் 'வர வேண்டிய நேரம்' வேற, 'வரப்போற நேரம்' வேறன்னு நம்ம ஊர்ல ஆயாவுக்கும் தெரியும். பிளாட்பாரத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே சரியாக் கணக்குப் போடுவாங்க. குழப்பம் அவங்களுக்கு இல்லை.

"ஒண்ணுமே இல்லாததுக்கு அட்டவணையாவது மேல் இல்லையா?" மேல்தான். காட்டுங்க, வேணாம்னு யாரு சொன்னா? அட்டவணைன்னு சொல்லிக் காட்டுங்க. அது தெரிஞ்சா, காத்திருக்கிறதா, நடக்கிறதா, டாக்ஸி பிடிக்கிறதான்னு அவரே முடிவு பண்ணுவார். நீங்க மறைச்சா அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்குறீங்க.

செய்ய வேண்டியது ரொம்ப இல்லை:

- நேரலை நேரத்தை அழுத்தமாவும், அட்டவணை நேரத்தை மங்கலா பக்கத்துல 'அட்டவணை'ன்னு எழுதியும் போடுங்க. கலரை மட்டும் நம்பாதீங்க, நிறக்குருடு இருக்கிறவங்களும் பஸ்ல போறாங்க.
- தகவல் எத்தனை விநாடிக்கு முன்னாடி வந்ததுன்னு காட்டுங்க. நெட் போயிட்டா பழைய எண்ணை அப்படியே தொங்க விடாதீங்க.
- நேரம் காலியா வந்தா 'தகவல் இல்லை'ன்னு தமிழ்லயே எழுதுங்க.
- நிமிஷத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்குங்க. சீக்கிரம் வந்து நிக்கிறவன் திட்டுவான், பஸ்ஸைத் தவறவிட்டவன் அழுவான்.

நாலு இஃப் கண்டிஷன்தான் சாமி. இதுக்கு டார்க் மோடு போடுற நேரத்துல பாதி கூட ஆகாது.

பி.கு: "என் செயலியில அப்படி இல்லை"ங்கிறவங்க பின்னூட்டத்துல சுட்டி கொடுங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பரிசோதிச்சுட்டு வந்து பேசுறேன் :-)