வேலையை விட்டுப் போறதும் விடுதலைதான்

அமெரிக்காவில் 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. சுபம் போட்டாச்சுன்னு நாம புத்தகத்தை மூடிடறோம். ஆனா அடுத்த நாள் காலையில் அடுப்பை யார் பத்த வைக்கிறது? நேத்து வரைக்கும் அடிமையா சமைச்சவங்க இனி சம்பளத்துக்குச் சமைக்கணும். எஜமானியம்மா மட்டும் அதே ஆள். சண்டை வராம இருக்குமா?

தென் மாநில எஜமானியம்மாக்களோட பெரிய புலம்பல், "வேலைக்காரிங்க நிலைச்சு நிக்கறதில்லை" என்பதுதான். நிக்க வைக்கச் சட்டமே போட்டாங்க. மிசிசிப்பியில் 1865-ல் வந்த சட்டப்படி, கறுப்பினத் தொழிலாளி ஒப்பந்தம் முடியறதுக்குள்ள தகுந்த காரணமில்லாம வேலையை விட்டால், அந்த வருஷம் அதுவரை உழைச்ச கூலி அம்பேல். பிடிச்சு இழுத்துட்டு வந்து ஒப்படைக்கவும் அதில் வழி இருந்தது. விடுதலையாம்!

என்னைக் கேட்டா, சண்டை வெறும் காசுக்காக இல்லை, நேரத்துக்காகவும்தான். முன்னே ராத்திரி பகல் எப்போ கூப்பிட்டாலும் ஓடணும். விடுதலைக்கப்புறம் பல பெண்கள் வேலை முடிஞ்சதும் தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்களோட தூங்கணும்னு நினைச்சாங்க. துணி வெளுக்கற வேலையைப் பலரும் விரும்பினதுக்கும் அதுதான் காரணம். துணியை வீட்டுக்கே எடுத்துட்டு வந்து துவைக்கலாம், எஜமானி தலைமேல நிக்க மாட்டா. மிஞ்சின சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுலயும் தகராறு. அவங்களுக்கு அது கூலியில் ஒரு பங்கு. பல எஜமானிகளுக்கு அது திருட்டு.

அட்லாண்டாவில் 1881 ஜூலையில் சுமார் 20 சலவைப் பெண்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க. 12 பவுண்டு துணிக்கு 1 டாலர் வேணும்னு வேலைநிறுத்தம். மூணே வாரத்தில் கூட்டம் 3000 ஆச்சு. நகரசபை மிரண்டுபோய், சங்கத்தில் இருக்கறவங்க வருஷம் 25 டாலர் லைசென்ஸ் கட்டணும்னு மிரட்டிப் பார்த்தது. இவங்க அசரலை. லைசென்ஸ் பணம் கட்டறோம், ஆனா ஊர்த் துணி முழுக்க எங்க கட்டுப்பாட்டில்தான்னு மேயருக்கே கடிதம் எழுதிட்டாங்க! கடைசியில் நகரசபை அந்தக் கட்டணத் திட்டத்தையே கைவிட்டது.

ஆனாலும் 1938-ல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தப்போ வீட்டு வேலை செய்யறவங்களுக்கு அது பொருந்தலை. 1974 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம ஆபீஸ்ல பேப்பர் போட்டா அதுக்குப் பேரு முன்னேற்றம். வீட்டு வேலை செய்யறவங்க நின்னுட்டா மட்டும் நன்றி கெட்டதுங்கன்னு பேச்சு. இஷ்டமில்லாத வேலையை விட்டுப் போக முடியறதுதான் அடிமைக்கும் தொழிலாளிக்கும் நடுவுல இருக்கற முதல் வித்தியாசம். நன்றியைப் பத்தி யாராவது ஆரம்பிச்சா, சம்பளம் எவ்வளவு கொடுத்தீங்கன்னு கேளுங்க. என்ன சொல்றீங்க மக்களே?