சென்னை எல்லை விரிவாக்கம்: எங்கள் நிலைப்பாடு

சென்னையைச் சுற்றியுள்ள நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு இணைக்க வேண்டும் என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்குகிறது. மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி, மேடவாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று ஊர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. இந்த ஊர்களிலும், 2011-இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட பகுதிகளிலும் இயங்கும் குடியிருப்போர் நலச்சங்கங்களின் கூட்டமைப்பு என்ற முறையில் எங்கள் முடிவை மக்கள் முன்னும் அரசின் முன்னும் வைக்கிறோம்.

சென்னை மாநகராட்சி இனியும் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு விரியக் கூடாது. குடிநீர், கழிவுநீர், வெள்ள வடிகால், குப்பை, போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பெருநகர் முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும். அன்றாட நிர்வாகமோ மக்கள் நேரில் போய்க் கேள்வி கேட்கக்கூடிய உள்ளாட்சியிடம்தான் இருக்க வேண்டும். ஓர் ஊரின் சம்மதம் இல்லாமல் அந்த ஊரின் உள்ளாட்சியைக் கலைக்க எந்த அரசாணைக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

2011 இணைப்பு தந்த பாடம்

2011-இல் சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக உயர்ந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் உட்பட 9 நகராட்சிகள், போரூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் உட்பட 8 பேரூராட்சிகள், மடிப்பாக்கம், நீலாங்கரை, நெற்குன்றம் உட்பட 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் கலைக்கப்பட்டன. அவற்றுக்கென இருந்த தலைவர்களும் மன்றங்களும் போய், அத்தனை ஊர்களுக்கும் சேர்த்து 93 வார்டுகள் கிடைத்தன. பழைய சென்னைக்கும் லாபமில்லை. அதன் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி விரிவான மாநகரில் சுமார் 67 லட்சம் பேர். 200 கவுன்சிலர்களுக்குப் பிரித்தால் ஒருவருக்கு 33 ஆயிரம் பேர். மழைநீர் வடியாத தெருவைப் பற்றி முறையிட முன்பு ஊர்த் தலைவர் வீட்டுக்கு நடந்தே போனவர்கள், இன்று மண்டல அலுவலகத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அலைகிறார்கள்.

அந்தக் கவுன்சிலரும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நிர்வாகம் தனி அலுவலர் கையில் இருந்தது. இணைக்கப்பட்ட முதல் பத்தாண்டில் பாதிக் காலம் இந்த ஊர்களுக்கு மன்றத்தில் பேச ஆளே இல்லை.

இணைந்தால் வசதி வரும் என்றார்கள். பல பகுதிகளில் பாதாளச் சாக்கடையும் குழாய்க் குடிநீரும் வருவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. வராத தெருக்களில் இன்றும் தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் ஓடுகின்றன. 2022-இல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குப் பழைய சென்னையில் 50 விழுக்காடும், 2011-இல் சேர்ந்த பகுதிகளில் 25 விழுக்காடும் கூட்டியது. அந்தச் சலுகையை வரவேற்கிறோம். ஆனால் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் இரு பகுதிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சிறிய உள்ளாட்சியால் பெரிய வேலை ஆகாது என்போருக்கு ஆலந்தூரை நினைவூட்டுகிறோம். 1990-களின் பிற்பகுதியில் அந்த நகராட்சி தனக்கென்று பாதாளச் சாக்கடை அமைக்க முடிவெடுத்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களே பங்கு செலுத்தினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் திரட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்ட வைத்தார்கள். நாடெங்கும் நகர நிர்வாகம் படிப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் திட்டம் அது. தங்கள் பணம் எங்கே போகிறது என்று தெருவிலேயே கேட்க முடிந்ததால்தான் மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். அந்த நகராட்சியும் 2011-இல் கலைந்த 42-இல் ஒன்று.

அண்டை மாநிலத்தின் அனுபவம்

பெங்களூரு 2007-இல் 7 நகராட்சிகளையும் (நகரசபை) ஒரு சிறு நகராட்சியையும் (புரசபை) 110 கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த 110 கிராமங்களுக்கான காவிரிக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கிடையில் 2020 செப்டம்பரோடு அங்கும் மன்றத்தின் காலம் முடிந்து, தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. ஒரே மாநகராட்சியாக ஆள முடியாது என்று கர்நாடக அரசே முடிவுக்கு வந்து 2025-இல் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தது. சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் இடையில் கழிந்த பதினெட்டு ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் கிராமத்து மக்கள்.

இணைப்பை ஆதரிப்போரின் வாதங்கள்

மூன்று வாதங்கள் நியாயமானவை. அவற்றுக்கு நேராகவே பதில் சொல்கிறோம்.

மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களை ஊராட்சிச் செயலரையும் சில துப்புரவுப் பணியாளர்களையும் வைத்து நடத்த முடியாது என்கிறார்கள். உண்மைதான். அடுக்குமாடிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த ஊர்கள் இன்னும் ஊராட்சியாகவே நீடிப்பது அங்கு வாழ்வோருக்கு இழைக்கும் அநீதி. அவற்றுக்குத் தேவை பொறியாளர், சுகாதார அலுவலர், சொந்த வருவாய் உள்ள நகராட்சி. ஆவடியை 2019-இலும் தாம்பரத்தை 2021-இலும் சென்னையோடு சேர்க்காமல் தனி மாநகராட்சிகளாக அரசே உருவாக்கியது. சென்னைக்கு வெளியே வேறு நிர்வாக மையங்கள் இயங்க முடியும் என்று அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வெள்ளத்துக்கு எல்லை தெரியாது என்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் மூழ்கியது, சைதாப்பேட்டையும் மூழ்கியது. அடையாற்றுக்கு நீர் தரும் ஏரிகளும் கொசஸ்தலையாற்றின் தலைப்பகுதியும் எந்த மாநகராட்சி எல்லைக்கும் அடங்காதவை. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அவ்வளவு பரப்பையும் ஒரு மேயரும் ஓர் ஆணையரும் ஆள முடியாது. ஆறு பாயும் பரப்பு முழுவதற்கும் பொதுவான திட்டமும், அதைச் செயல்படுத்த உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும்தான் வெள்ளத்துக்கு மருந்து.

புறநகர்வாசிகள் நகரின் சாலையையும் மருத்துவமனையையும் பயன்படுத்துகிறார்கள், வரியை வேறிடத்தில் கட்டுகிறார்கள் என்கிறார்கள். கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரின் குடிநீர் செம்பரம்பாக்கத்திலிருந்தும் பூண்டியிலிருந்தும் வருகிறது. பெருங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே நகரின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டன. இரு பக்கமும் கடன் இருக்கிறது. பெருநகர் முழுவதற்கும் பொது நிதி வைத்து அதைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஊர்கள் இழப்பவை

ஊராட்சியில் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் வரவுசெலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஊர் மாநகராட்சிக்குள் போன அன்றே அந்த உரிமை போய்விடுகிறது. 2022 முதல் நகரங்களில் கூடும் பகுதி சபைகள் நல்ல தொடக்கம். அவை இன்னும் கிராம சபைக்கு ஈடாகவில்லை.

வேலையும் போகிறது. 2005 சட்டத்தின் வழியாக நூறு நாள் வேலை என்று தொடங்கிய ஊரக வேலை உறுதி ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் பல ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, பெண்கள் ஆட்சியர் அலுவலகங்களின் முன் திரண்டதற்கு இதுவே முதல் காரணம். வயலும் ஏரிப்பாசனமும் மிச்சமிருக்கும் ஊரில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு மாநகராட்சி என்ற பெயர்ப் பலகை சோறு போடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. கிராம சபை அல்லது நகர்மன்றத்தின் தீர்மானமும், அதன் பின் ஊர் மக்களின் நேரடி வாக்கெடுப்பும் இல்லாமல் எந்த ஊரையும் இணைக்கக் கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

2. 2011-இல் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை, குழாய்க் குடிநீர், மழைநீர் வடிகால் எங்கெங்கே எப்போது முடியும் என்று வார்டு வாரியாக அட்டவணை வெளியிட வேண்டும். அது நிறைவேறும் வரை புதிய இணைப்புப் பேச்சே கூடாது.

3. அரசியல் சட்டத்தின் 243ZE பிரிவு சொல்லும் பெருநகரத் திட்டக் குழு முழு அதிகாரத்தோடு இயங்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) குடிநீர் வாரியமும் போக்குவரத்துக் குழுமமும் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

4. நீர் தரும் ஊர்களுக்கும் குப்பை சுமக்கும் ஊர்களுக்கும் உரிய பங்கு சேரும்படி பெருநகரப் பொது நிதி ஒன்றை உருவாக்க வேண்டும்.

5. நகராகிவிட்ட ஊராட்சிகளை, மக்கள் சம்மதத்தோடு, தனித்தோ அண்டை ஊரோடு சேர்த்தோ நகராட்சிகளாக உயர்த்த வேண்டும். ஊரக வேலையை இழக்கும் குடும்பங்களுக்கு அதற்கு ஈடான நகர்ப்புற வேலை உறுதி செய்யப்பட வேண்டும்.

6. உள்ளாட்சித் தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடத்த வேண்டும். தனி அலுவலர் ஆட்சியை எந்தக் காரணம் காட்டியும் நீட்டிக்கக் கூடாது.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஒரு காலத்தில் தனி ஊர்கள், அவை சேர்ந்துதானே சென்னை உருவானது என்று கேட்கலாம். அந்த இணைப்புகள் நடந்த காலத்தில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை இல்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகு உள்ளாட்சி என்பது மாநில அரசு விரும்பினால் கொடுத்து, விரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும் சலுகையாக இல்லை.

எனவே புறநகரின் ஒவ்வொரு கிராம சபையும் நகர்மன்றமும் அடுத்து கூடும் கூட்டத்திலேயே, சம்மதமின்றி இணைப்பு இல்லை என்ற தீர்மானத்தை நிறைவேற்றி அரசுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். பழைய சென்னையின் குடியிருப்போர் சங்கங்களும் இதில் எங்களோடு நிற்க வேண்டும். விரிவாக்கத்தால் வார்டு இழந்தவர்கள் அவர்களும்தான். சட்டமன்றத்தில் உள்ள எல்லாக் கட்சிகளும் இந்த ஆறு கோரிக்கைகளில் தங்கள் நிலை என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதில்களை ஊர் ஊராக மக்களிடம் எடுத்துச் செல்வோம்.